தாங்கிக்குள் இறங்கிய அக்கோடியன்: நிலத்தடி ஒலிப்பதிவுகள் சில

ஓர் இசைத்தட்டைப் பற்றி எழுதுவதென்றால் பாடியவர் யார், வாத்தியம் என்ன, இராகம் என்ன என்று தொடங்குவதுதான் வழக்கம். நான் இங்கு எடுத்துக்கொண்ட தட்டில் இராகமும் இல்லை, தாளமும் இல்லை, பாட்டும் இல்லை. அதில் உள்ள முக்கியமான வாத்தியம் எவர் கையிலும் இருக்கவும் இல்லை. நிலத்துக்குக் கீழே பதினான்கு அடி ஆழத்தில் கட்டப்பட்டு, தண்ணீர் வெளியேற்றப்பட்டு, வெறுமையாகக் கிடந்த ஒரு கொங்கிறீற் நீர்த்தாங்கிதான் அந்த வாத்தியம்.

அமெரிக்காவின் வொஷிங்டன் மாநிலத்தில் போர்ட் டவுன்சென்ட் என்ற கரையோர ஊரில் போர்ட் வோர்டன் என்றொரு பழைய இராணுவக் கோட்டை இருக்கிறது. 1988 ஒக்டோபர் 8ஆம் திகதி அந்தக் கோட்டையின் நிலத்தடித் தாங்கிக்குள் மூன்று பேர் இறங்கினார்கள். அக்கோடியனோடு பவுலின் ஒலிவெரொஸ், டிரொம்போனோடு ஸ்டூவர்ட் டெம்ஸ்டர், குரலோடும் சில உலோகத் துண்டுகளோடும் பனயோட்டிஸ். அங்கு அவர்கள் வாசித்தது அடுத்த ஆண்டு நியூ அல்பியன் நிறுவனத்தின் வெளியீடாக வந்தது. பெயர் ‘டீப் லிஸ்னிங்’. ஆழ்ந்து கேட்டல் என்று நாம் சொல்லலாம். ஆழத்தில் இறங்கிக் கேட்டது என்ற சிலேடையும் அதில் இருக்கிறது. பகிடியாக வைத்த பெயர்தான் பிறகு ஒலிவெரொஸின் வாழ்நாள் வேலைக்கே பெயராக நிலைத்தது.

இசை கூடுமா கூடாதா என்ற பழைய விவாதத்துக்குள் நான் போகவில்லை. அதற்கு வேறு பக்கங்களும் வேறு ஆட்களும் உண்டு. எனது கேள்வி சிறியது. ஓர் இடம் தானாகவே அழகான ஒலியைத் தருகிறது என்றால், அதற்குள் போய் வாசிப்பவரின் பங்கு என்ன? நல்ல எதிரொலி உள்ள இடத்தில் யார் இருமினாலும் அது இசைதான் என்று ஆகிவிடுமா? நிலத்தடிப் பதிவுகள் என்று இன்று குவிந்து கிடப்பவற்றில் எது கேட்கத்தக்கது, எது வெறும் வித்தை என்று பிரித்தறிய இந்தக் கேள்வியைக் கேட்டே ஆகவேண்டும்.

இந்தத் தட்டை நான் முதலில் போட்டுக் காட்டிய நண்பர் ஐந்து நிமிடம் பொறுத்திருந்தார். பிறகு, “இதென்ன நானா, பக்கத்து வளவுல ஜெனரேட்டர் ஓடுற மாதிரி இரிக்கி. இதையா இவ்வளவு பேரு புகழுறாங்க?” என்றார். சும்மா சொல்லக்கூடாது, அவர் காது பொய் சொல்லவில்லை. கைபேசியின் சின்ன ஒலிபெருக்கியில் கேட்டால் அப்படித்தான் இருக்கும். ஆனால் அந்த இடத்தின் கணக்கைக் கொஞ்சம் தெரிந்துகொண்டு கேட்டால் கதை வேறு.

தாங்கி வட்ட வடிவானது. விட்டம் 186 அடி, ஏறத்தாழ 57 மீற்றர். கூரையைத் தாங்கி 89 தூண்கள் நிற்கின்றன. இருபது இலட்சம் கலன் தண்ணீர் கொள்ளக்கூடியது. உள்ளே போக வாசல் கிடையாது, மேலே உள்ள மூடியைத் திறந்து ஏணியில் இறங்கவேண்டும். இந்த இடத்தில் ஒரு சத்தம் எழுந்தால் அது முற்றாக அடங்க 45 வினாடி ஆகும். நல்ல கச்சேரி மண்டபம் ஒன்றில் இது சுமார் இரண்டு வினாடி. நம் வீட்டு விறாந்தையில் அரை வினாடி கூட இராது.

எதிரொலி வேறு, எதிர்முழக்கம் வேறு என்பதை இங்கு சொல்லிவிட வேண்டும். கிணற்றுக்குள் தலையை நீட்டி “ஓய்” என்று கூப்பிட்டால் திரும்பி வருகிறதே, அது எதிரொலி. போன சத்தமும் வந்த சத்தமும் தனித்தனியாகக் கேட்கும். எதிர்முழக்கம் அப்படியல்ல. ஒலி சுவருக்குச் சுவர், தூணுக்குத் தூண் பட்டுத் தெறித்து, ஆயிரக்கணக்கான தெறிப்புகள் ஒன்றோடொன்று கலந்து, எது முதல் எது பின் என்று தெரியாமல் நீண்டு போகும். ஒலி ஒரு வினாடிக்குச் சுமார் 340 மீற்றர் ஓடுகிறது. 45 வினாடியில் அது ஓடும் தூரம் பதினைந்து கிலோமீற்றருக்கு மேல். அதாவது அக்கோடியனில் ஒரு கட்டையை அமுக்கிக் கையை எடுத்த பிறகும், அந்த ஒலி 57 மீற்றர் அகலமான இருட்டுக்குள் பதினைந்து கிலோமீற்றர் நடந்து முடித்த பிறகுதான் ஓய்கிறது. வோர்டன் தாங்கியின் விசேஷம் நீளம் மட்டுமல்ல. ஒலி தேயும்போது அதன் நிறம் அதிகம் மாறுவதில்லை. வழுவழுப்பாகத் தேய்கிறது. ஆகவே வாசிப்பவர் எப்போது நிறுத்தினார், தாங்கி எப்போது ஏற்றுக்கொண்டது என்ற எல்லைக்கோடு நமக்குப் பிடிபடுவதில்லை.

இப்படியான இடத்தில் என்ன வாசிக்க முடியும் என்று யோசித்துப் பாருங்கள். வேகமான மெட்டு ஒன்றை வாசித்தால் முதல் சுரமும் இருபதாவது சுரமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சேறாகிவிடும். தாளம் போட்டால் ஒவ்வோர் அடியும் முந்திய அடியின் முழக்கத்துக்குள் மூழ்கும். எல்லாவற்றையும் விட, பிழையாக ஒரு சுரம் வந்துவிட்டால் அதை மீளப்பெற முடியாது. முக்கால் நிமிடம் அது உங்களோடு அந்த இருட்டுக்குள் நிற்கும். வாயிலிருந்து போன சொல் மாதிரி. ஆகவே அங்கு வாசிப்பவர், வாசிப்பதற்கு முன்னரே கேட்டாக வேண்டும். இப்போது நான் விடும் மூச்சு இன்னும் முப்பது வினாடி கழித்து எதனோடு போய் மோதும் என்று கணித்துவிட்டுத்தான் ஊதவேண்டும்.

ஒலிவெரொஸின் அக்கோடியன் சாதாரணக் கடை அக்கோடியன் அல்ல. பியானோ போன்ற வாத்தியங்களில் எல்லாச் சுருதிகளையும் சம இடைவெளியாகப் பங்கு போட்டு, ஒவ்வொன்றையும் இம்மியளவு பிசகாகவே வைத்திருப்பார்கள். எந்தச் சுருதியிலிருந்தும் வாசிக்கலாம் என்ற வசதிக்காகச் செய்த சமரசம் அது. சாதாரண அறையில் அந்தப் பிசகு காதில் படுவதில்லை. ஆனால் 45 வினாடி நீளும் அறையில் இரண்டு சுரங்கள் அருகருகே நின்றால் அந்தப் பிசகு துடிப்பாக வெளிப்படும். ‘வா வா வா’ என்று அதிரும். அவர் தனது அக்கோடியனை இயற்கையான விகிதங்களின்படி சுருதி மாற்றி வைத்திருந்தார். அதனால் அவர் போடும் சுரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும்போது கலங்காமல் தெளிந்து நிற்கின்றன. துடிப்பு வேண்டும் என்று அவர்கள் விரும்பும் இடத்தில் மட்டும் அது வருகிறது. ‘இடம்தான் எல்லாம் செய்தது’ என்பவர்களுக்கு இது முதல் பதில். இறங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இவர் இந்த இடத்துக்குத் தயாராகியிருந்தார்.

தட்டின் முதற்பகுதி ‘லியர்’ இருபத்தைந்து நிமிடம் ஓடுகிறது. கீழே தாழ்ந்த ஒரு நீள்சுருதி, அதன்மேல் அக்கோடியனின் மெல்லிய படலங்கள், இடையிடையே டிரொம்போன் என்று விவரிக்கலாம். ஆனால் விவரணை பயன்படாது. கேட்கும்போது நடப்பது என்னவென்றால், சில நிமிடங்களில் எது எந்த வாத்தியம் என்ற கணக்கை நாம் கைவிட்டுவிடுகிறோம். டிரொம்போன் தொண்டையாகிறது, தொண்டை காற்றாகிறது. டெம்ஸ்டர் 1973இல் அவுஸ்திரேலியா போய் அந்நாட்டு ஆதிக்குடிகளின் டிஜிரிடூ என்ற மரக்குழலைக் கற்றவர். மூச்சை நிறுத்தாமல் சுழற்றி ஊதும் அந்த முறை இங்கு உதவுகிறது. பாதிக்கு மேல் போனபிறகு ஓர் இடம் வருகிறது, அங்கு மூன்று பேரும் விலகிக்கொள்கிற மாதிரி இருக்கும், ஒலி மட்டும் குறையாது. அந்த இடத்தை நான் பலமுறை திருப்பிக் கேட்டிருக்கிறேன். யார் இப்போது வாசித்துக்கொண்டிருக்கிறார் என்று சொல்ல என்னால் இன்னும் முடியவில்லை. மூவரில் ஒருவராவது மற்றவரை முந்தியிருந்தால், தன் கெட்டித்தனத்தைக் காட்டியிருந்தால், இது கெட்டுப்போயிருக்கும். சபையில் பேச எழுந்தவர், எழுந்த பிறகும் முன்னவர் பேச்சு ஓயட்டும் என்று நிற்பதில் ஓர் அதபு இருக்கிறதல்லவா, அது இந்த இருபத்தைந்து நிமிடம் முழுக்க இருக்கிறது.

மற்றப் பகுதிகள் எல்லாம் இந்த உயரத்தில் இல்லை. குரல்களை முன்வைக்கும் ‘சுய்ரென்’ அழகானதுதான், ஆனால் அந்த அழகு எனக்குச் சீக்கிரம் திகட்டுகிறது. இப்படி ஒரு தாங்கிக்குள் மனிதக் குரல் நீட்டி ஒலித்தால் தேவாலயப் பாடல் போல ஆவதைத் தவிர்ப்பது கஷ்டம். அவர்கள் தவிர்க்க முயலவும் இல்லை. உலோகத் தட்டல்கள் வரும் ‘நைக்கி’ அதைவிடச் சுவாரஸ்யமானது. ஏனென்றால் அங்குதான் தாங்கி தாங்கியாகத் தெரிகிறது. தட்டுகிற ஒலி கூர்மையாக எழுந்து, சுவரில் பட்டு, மெழுகுபோல உருகிப் போவதைக் கேட்கலாம். நண்பரின் ஜெனரேட்டர் நினைவுக்கு வந்தால் அவரை இந்தப் பகுதியிலிருந்து தொடங்கச் சொல்லவேண்டும்.

இனி இடம் தரும் அழகு என்ற ஆபத்துக்கு வருகிறேன். இதற்கு நமக்குத் தெரிந்த ஓர் இடத்திலிருந்தே உதாரணம் கிடைக்கிறது. 1968இல் பவுல் ஹோர்ன் என்ற அமெரிக்கப் புல்லாங்குழல் கலைஞர் ஆக்ராவின் தாஜ்மஹாலுக்குள் தனியாக வாசித்து ஒரு தட்டு வெளியிட்டார். ‘இன்சைட்’ என்று பெயர். பெரிய அளவில் விற்றது. பிற்காலத்தில் தியானத்துக்கு, தூக்கத்துக்கு, உடம்பு பிடித்துவிடும் கடைகளுக்கு என்று உருவான மென்மையான இசை வகைக்கெல்லாம் அதைத்தான் தொடக்கம் என்கிறார்கள். அவர் பிறகு எகிப்தின் பெரிய பிரமிட்டுக்குள்ளும் போய் இதேபோல ஒரு தட்டுச் செய்தார்.

தாஜ்மஹாலின் குப்பாவுக்குக் கீழே நாம் காணும் இரண்டு பளிங்குக் கப்றுகளும் அடையாளத்துக்கு வைத்தவை. மும்தாஜும் ஷாஜஹானும் உண்மையில் அடக்கப்பட்டிருப்பது அதற்கும் கீழே உள்ள நிலவறையில். ஆகவே ஹோர்ன் வாசித்தது ஒரு நிலத்தடி அறையின் கூரைமேல் நின்று. கப்றுக்கு மேல் நின்று குழலூதலாமா என்று நம்மில் பலருக்கு உடனே தோன்றும். அந்தத் தயக்கம் நியாயமானது. ஆனால் ஒரு விமர்சகனாக எனது குறை வேறு. அந்தத் தட்டில் கப்று எங்குமே இல்லை. ஹோர்ன் ஒரு சிறு வாசகம் வாசிக்கிறார், நிறுத்துகிறார், குப்பா அதைப் பெருக்கித் திருப்பித் தருகிறது, அதை இரசிக்கிறார், இன்னொன்று வாசிக்கிறார். கண்ணாடி முன் நின்று தலை சீவுவது மாதிரி. அந்த அறை எதற்காகக் கட்டப்பட்டது, யாருடைய இழப்பு அங்கே கிடக்கிறது என்ற பாரம் அவர் மூச்சில் படவில்லை. 1631இல் இறந்துபோன ஒரு பெண்ணின் அடக்கஸ்தலம் என்பதை அட்டைப்படத்தைப் பார்த்துத்தான் அறியவேண்டியிருக்கிறது.

அதே தட்டில் அங்குள்ள காவலாளி ஒருவரின் குரலும் பதிவாகியிருக்கிறது. வருவோருக்குக் குப்பாவின் முழக்கத்தைக் காட்டுவதற்காகக் குரலெழுப்புவது அங்கு காவலாளிகளின் வழக்கம். என் காதுக்கு அந்தச் சில கணங்கள்தான் தட்டின் உச்சம். குப்பா எந்தச் சுருதியைப் பிடித்துக்கொள்ளும், எவ்வளவு நேரம் வைத்திருக்கும், எப்போது அடுத்த குரலை விடவேண்டும் என்பது நாள்தோறும் கூப்பிட்டுப் பழகியவருக்குத் தெரிந்திருக்கிறது. அவர் அறையைச் சோதித்துப் பார்க்கவில்லை, அதனோடு பேசுகிறார். ஹோர்ன் அதைக் கேட்டுவிட்டுக் குழலைக் கீழே வைத்திருந்தால் தட்டு இன்னும் நன்றாக வந்திருக்கும் என்பது எனது சொந்த அபிப்பிராயம்.

நமது ஒலிமரபில் எதிர்முழக்கத்துக்கு எப்போதும் நல்ல பெயர் இருந்ததில்லை என்பதையும் இங்கு நினைக்கவேண்டும். ஓதுவதில் ஒவ்வோர் எழுத்தும் அதன் இடத்திலிருந்து தெளிவாக வரவேண்டும். மத்து எத்தனை, எங்கே நிறுத்துவது என்றெல்லாம் கணக்கு உண்டு. ஓர் எழுத்து அடுத்த எழுத்தின்மேல் ஏறினால் பொருளே மாறும். உஸ்மானியக் கட்டடக் கலைஞர் சினானுக்கு இந்தப் பிரச்சினை தெரிந்திருந்தது. 1557இல் முடிக்கப்பட்ட இஸ்தான்பூல் சுலைமானியா பள்ளியின் குப்பாவில் வாய் திறந்த மட்பாண்டங்களைப் பதித்திருக்கிறார். தாழ்ந்த முழக்கத்தை அவை உறிஞ்சிக்கொள்ளும் என்பது எண்ணம். எவ்வளவு தூரம் வேலை செய்கின்றன என்பதில் ஆய்வாளர்களுக்குள் விவாதம் உண்டு. இருந்தாலும் அந்த எண்ணத்தைக் கவனியுங்கள்: பெரிய குப்பாவும் வேண்டும், அதன் கம்பீரமும் வேண்டும், ஆனால் சொல் கரைந்துவிடக் கூடாது. (நம் ஊர்களில் சுவர் முழுக்க மாபிள் ஒட்டி, அதற்கும் மேலே ஒலிபெருக்கிப் பெட்டியில் ‘எக்கோ’ குமிழை முழுக்கத் திருகிவிட்டு, பயானில் ஒரு சொல்லும் விளங்காமல் ஆக்குகிறோமே, அது சினானின் மரபும் அல்ல, ஒலிவெரொஸின் மரபும் அல்ல. அதை நாமே கண்டுபிடித்தோம்.)

ஆக, சொல்லுக்கு எதிர்முழக்கம் பகை. சொல் இல்லாத ஒலிக்கு அது பகையல்ல, ஆனால் முகஸ்துதி செய்யும் நண்பன். எதைச் செய்தாலும் ‘அருமை’ என்று சொல்லும். அப்படிப்பட்ட நண்பனை வைத்துக்கொண்டு உருப்படியாக ஒன்று செய்வது எளிதல்ல.

அந்த முகஸ்துதியை முற்றாக மறுத்தவர் என்று நான் கருதுவது இங்கிலாந்தின் சக்சபோன் கலைஞர் ஜோன் பூச்சரை. இவர் பௌதிகவியலில் ஆய்வுப் பட்டம் பெற்றுவிட்டு இசைக்கு வந்தவர். 2006இல் இவரும் ஜப்பானியரான அக்கியோ சுசுகியும் ஸ்கொட்லாந்து முழுக்கப் பயணம் செய்து விசித்திரமான இடங்களில் வாசித்தார்கள். ஸ்மூ என்ற கடற்குகை, மீன் பழுதாகாமல் இருக்கப் பனிக்கட்டி சேமித்த டக்நெட் பனிவீடு, கைவிடப்பட்ட வோர்மிட் நிலத்தடி நீர்த்தேக்கம், ஓர்க்னித் தீவுகளில் உள்ள ஓர் எண்ணெய்த் தாங்கி, ஹமில்டன் பிரபுக்களின் கல்லறை மாளிகை. பூச்சரின் பதிவுகள் 2008இல் ‘ரெசொனன்ட் ஸ்பேசஸ்’ என்ற தட்டாக வந்தன.

இதைக் கேட்டு ஒருவரும் தூங்க முடியாது. பூச்சர் சக்சபோனில் இனிமையாக ஒன்றும் ஊதுவதில்லை. கட்டைகளை மட்டும் தட்டுகிறார், நாக்கால் சொடுக்குகிறார், ஒரே குழலில் இரண்டு மூன்று சுருதிகள் ஒருங்கே கீறிக்கொண்டு வரும்படி செய்கிறார். அறைக்குப் பிடிக்காத சுருதியைத் தேடி எடுத்து, அது எரிச்சல்படுகிறதா என்று பார்க்கிறார். ஒரே மனிதர், ஒரே குழல், ஆனால் இடத்துக்கு இடம் இசை அடியோடு மாறுகிறது. குகையில் விழும் தண்ணீர்ச் சத்தத்தை அவர் மறைக்கவும் இல்லை, அழகுபடுத்தவும் இல்லை. அதுவும் ஒரு சகவாத்தியம். இதில் எனக்குப் பிடித்த நேர்மை, இடம் அவருக்கு எதைத் தர மறுக்கிறது என்பதையும் அவர் நமக்குக் கேட்கவிடுவது. ஆனால் இதை வருடத்துக்கு ஒருமுறைக்கு மேல் என்னால் கேட்க முடிவதில்லை. ‘லியர்’ அப்படியல்ல.

பூச்சர் வாசித்த எண்ணெய்த் தாங்கி இருப்பது பிரித்தானியக் கடற்படையின் பழைய தளம் ஒன்றில். இதைக் கவனிக்கும்போதுதான் ஒரு விஷயம் உறைக்கிறது. இந்த இசை தேடிப்போகும் நிலத்தடிகளில் பல, யுத்தம் தோண்டியவை. போர்ட் வோர்டன் கோட்டை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளில், பியூஜெட் சவுண்ட் என்ற கடல்வாய்க்குள் எதிரிக் கப்பல் நுழையாமல் தடுக்கப் பீரங்கிகளோடு கட்டத் தொடங்கியது. அந்தப் பீரங்கிகள் ஒருநாளும் எதிரியை நோக்கி வெடிக்கவில்லை. 1973இல் அது பொதுப் பூங்காவானது. ஸ்கொட்லாந்தின் இன்சின்டவுனில் மலையைக் குடைந்து 1938க்கும் 1941க்கும் இடையே கட்டிய எண்ணெய்த் தாங்கிகள், கடற்படையின் எரிபொருளை ஜேர்மன் குண்டுவீச்சிலிருந்து ஒளித்து வைப்பதற்கானவை. ஒவ்வொரு பெரிய தாங்கியும் ஏறத்தாழ 237 மீற்றர் நீளம், இரண்டரைக் கோடி லீற்றர் எண்ணெய் கொள்ளும். உள்ளே போக ஒரு குழாய்தான் வழி, அகலம் அரை மீற்றர் கூட இல்லை. ஒலியியல் பேராசிரியர் ட்ரெவர் கொக்ஸ் அதற்குள் ஊர்ந்துபோய், வெற்றுத் தோட்டா வெடிக்கவைத்து அளந்தார். தாழ்ந்த 125 ஹேர்ட்ஸ் சுருதியில் எதிர்முழக்கம் 112 வினாடி நீடித்தது. உலக சாதனையாகப் பதிவானது. அந்த 112 வினாடியில் ஒலி ஓடும் தூரத்தைக் கணக்கிட்டால் கிட்டத்தட்ட கொழும்பிலிருந்து நீர்கொழும்பு. அவரும் அங்கே சக்சபோன் வாசித்துப் பார்த்தவர்தான், ஆனால் அதை நான் இசைத்தட்டுக் கணக்கில் சேர்க்கவில்லை.

இந்த இடத்தில் இலங்கை வாசகர் ஒருவருக்கு ஒரு நெருடல் வராமல் போகாது. நிலத்தடி என்றால் நமக்கு ஞாபகம் வருவது பங்கர். வளவுக்குள் குழி வெட்டி, மேலே மரக்குற்றி அடுக்கி, மண்மூட்டை வைத்து, பிள்ளைகுட்டிகளோடு அதற்குள் இருந்த வடக்குக் கிழக்கு மக்களுக்கு, ஆழத்தில் இருந்து காதைக் கூராக்குவதை எவரும் கற்றுக்கொடுக்கத் தேவையிருக்கவில்லை. ஷெல் புறப்படும் சத்தம், வரும் சத்தம், விழும் சத்தம் என்று சின்னப் பிள்ளைகளும் பிரித்துச் சொன்னார்கள். அப்படியிருக்க, வசதியான நாட்டில் மூன்று பேர் விரும்பி ஏணியில் இறங்கி, ஆழ்ந்து கேட்கிறோம் என்று சொல்வது பணக்காரப் பொழுதுபோக்கு இல்லையா? இந்தக் கேள்வியை ஓர் இளம் கவிஞர் என்னிடம் நேராகவே கேட்டார். “பயத்துல கேட்டவன்ட காதும், பொழுதுபோக்குக்குக் கேட்டவன்ட காதும் ஒண்டா?” என்றார்.

ஒன்றல்ல. பயத்தில் கேட்கும் காது ஒரேயொரு சத்தத்தைத் தேடுகிறது. மற்ற எல்லாவற்றையும் தள்ளிவிடுகிறது. காகம் கரைவதும் தேத்தண்ணி கொதிப்பதும் அந்த நேரம் கேட்காது. ஒலிவெரொஸ் சொல்லிக்கொடுத்தது இதற்கு நேர் எதிரான ஒன்றை. எந்த ஒலியையும் தேடாமல், எதையும் தள்ளாமல், எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் இடம் கொடுப்பது.

அவர் அந்த இடத்துக்கு வந்த வழியையும் சொல்லவேண்டும். 1932இல் ஹூஸ்டனில் பிறந்தவர். 1950களில் கையில் கிடைத்த ஒலிப்பதிவுக் கருவியின் மைக்கை ஜன்னலில் வைத்துப் பதிந்துவிட்டுக் கேட்டபோது, தான் இருந்த அதே நேரத்தில் தன் காதில் விழாத எத்தனையோ சத்தங்கள் நாடாவில் இருந்ததைக் கண்டு திடுக்கிட்டவர். 1960களின் பிற்பகுதியிலிருந்து சான் டியேகோவில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். 1970இல் வியட்நாம் யுத்தத்தை எதிர்த்து அந்த வளாகத்திலேயே ஒரு மாணவர் தனக்குத் தீ வைத்துக்கொண்டு இறந்தார். அந்தக் காலத்தின் கொந்தளிப்பில்தான் ஒலிவெரொஸ் மேடைக் கச்சேரியிலிருந்து ஒதுங்கி, அக்கோடியனில் ஒரே சுரத்தை நீண்ட நேரம் வைத்திருந்து கேட்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டு ‘சோனிக் மெடிடேஷன்ஸ்’ என்ற பெயரில், இசை தெரியாதவர்களும் கூடிச் செய்யக்கூடிய கேட்டல் பயிற்சிகளை எழுதினார். தாங்கிக்குள் இறங்கியது அதற்குப் பதினேழு வருடங்கள் பின்னால். ஆகவே அந்த ‘ஆழ்ந்து கேட்டல்’ சும்மா இருந்தவரின் சொகுசு அல்ல. யுத்தம் ஒன்று காதைக் குறுக்கிவிட்டது என்று உணர்ந்தவர், அதைத் திரும்ப அகலமாக்க எடுத்த முயற்சி. அந்தக் கவிஞருக்கு இதைச் சொன்னேன். அவர் பாதிதான் ஒத்துக்கொண்டார். மீதிப் பாதியில் அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இராணுவத்தின் தாங்கி என்பதை ‘டீப் லிஸ்னிங்’ தட்டு ஒரு இடத்திலும் உரத்துச் சொல்லவில்லை, பீரங்கியின் பக்கத்தில் கிடந்த தண்ணீர்த் தாங்கி அங்கு வெறும் அழகான குழியாகிவிடுகிறது. தாஜ்மஹாலில் ஹோர்ன் கப்றை மறந்தார் என்று குறை சொன்ன நான், இதையும் சொல்லாமல் விட்டால் அது ஓரவஞ்சனை. ஆனாலும் ஹோர்னின் இசையில் இல்லாத ஒன்று, இருட்டின் கனம், ‘லியர்’ முழுக்க இருக்கிறது.

இப்போது ஓர் அறையின் எதிர்முழக்கத்தை அளந்து கணினியில் ஏற்றி, கொழும்பில் ஓர் அறையில் இருந்து பாடினாலும் குகையில் பாடிய மாதிரி ஆக்கிவிடலாம். நமது கஸீதாப் பதிவுகளிலேயே அந்த வித்தை தாராளமாக வருகிறது. காதுக்கு வித்தியாசம் தெரியாது என்கிறார்கள். கேட்பவருக்குத் தெரியாமல் இருக்கலாம், பாடுபவருக்குத் தெரியும். பாடிய பிறகு பூசும் முழக்கம் பாடுபவரைக் காத்திருக்கச் செய்யாது, பயப்படுத்தாது, அவர் விட்ட பிழையை முக்கால் நிமிடம் அவர் முன்னால் நிறுத்தி வைக்காது. தாங்கியின் 45 வினாடி அந்த மூவரின் வாசிப்பை உள்ளிருந்தே வளைத்தது. அந்த வளைவைத்தான் நாம் தட்டில் கேட்கிறோம்.

கேட்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கைபேசியை நேராகக் கையில் வைத்துக் கேட்காதீர்கள், தாழ்ந்த ஒலிகள் ஒன்றும் வராது. காதில் மாட்டிக்கொண்டு, இஷாவுக்குப் பிறகு வீடு அடங்கிய நேரத்தில், ‘லியரை’ முழுதாகக் கேளுங்கள். பாதியில் எழும்பினால் கேட்டதாகாது. டெம்ஸ்டர் பிறகு பல டிரொம்போன்காரரைத் திரட்டிக்கொண்டு அதே தாங்கிக்குள் மீண்டும் இறங்கினார். 1995இல் வந்த அந்தத் தட்டின் இசைக்கு மேர்ஸ் கனிங்ஹாம் குழுவினர் மேடையில் ஆடினார்கள். கீழே பதிந்த ஒலி, மேலே நடக்கும் கால்கள். அதைப் பற்றித் தனியாக எழுதவேண்டும், இடம் கிடைத்தால் இன்னோர் இதழில்.